புருவம் இல்லாட்டி பொட்டு எங்க வைக்கிறது?

முதலில் என்னுடைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சண்டை பிறகு.

2013 ஜனவரி. எனக்கு 15 வயது. ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அப்பா இரவு வேலை முடித்துவிட்டு நித்திரை. அண்ணா வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே மொழிபெயர்ப்பாளர் நான். இந்த உத்தியோகம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். வங்கிக் கடிதம், வாடகைக் கடிதம், பெற்றோர் கூட்டம் என்று எட்டு வயதிலேயே தொடங்குகிற வேலை. சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை.

அன்றைக்கு டொக்டர் சொன்னதை எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். முதலில் சிவப்பு நிற மருந்து, மூன்று கிழமைக்கு ஒருமுறையாக நான்கு தடவை. பிறகு இன்னொரு மருந்து, கிழமைக்கு ஒன்றாக 12 தடவை. சத்தி வரும், தலைமயிர் கொட்டும், காய்ச்சல் வந்தால் உடனே போன் பண்ண வேண்டும். கிளம்பும்போது தாதி ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெண்களுக்கு அழகுப் பராமரிப்பு வகுப்பாம். இரண்டு மணித்தியாலம், இலவசம், அதே ஆஸ்பத்திரியில். முன்பக்கத்தில் தலையில் துணி கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லையம்மா. விளம்பரம்."

மடித்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். அந்தப் பைக்குள் ஏற்கனவே என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டும். கன்சீலர் ஒன்று, லிப் பாம் இரண்டு, மஸ்காரா, கண்மைப் பென்சில், சின்னக் கண்ணாடி. ஒரு பரு வந்தால் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுகிற வயது. காலையில் 40 நிமிடம் குளியலறையை விடமாட்டேன். அப்படிப்பட்ட நான்தான், அம்மாவுக்கு வந்த நோயோடு ஒப்பிட்டால் இந்த மேக்கப் வகுப்பு எவ்வளவு கேவலமான விசயம் என்று முடிவு செய்தேன். மொழிபெயர்க்காமல் விட்டால் அம்மாவுக்கு அது உலகத்திலேயே இல்லை. எங்களுக்கு இருக்கிற அதிகாரம் அது. அதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை.

தலைமயிர் போனதை அம்மா நன்றாகவே தாங்கினார். எல்லாரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், படங்களிலும் பார்த்திருந்தோம். முதல் மருந்து ஏறி மூன்றாவது கிழமை தலையணையில் கொத்தாக வந்தது. அப்பா தன்னுடைய தாடி வழிக்கிற மெசினால் எடுத்துவிட்டார். டொக்டர் சீட்டு எழுதித் தந்தார், விக் செலவில் பெரும்பகுதியைக் காப்புறுதி கொடுத்தது. (ஜேர்மனியில் இதற்குச் சீட்டு உண்டு, கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் கீமோ மருந்து இலவசம், ஆனால் பெரும்பாலானவர்கள் விக்கிற்கு 70 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் கட்டத் தேவையில்லை. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.) விக் கடையில் உண்மையான முடியில் செய்தது ஒன்றைக் காட்டினார்கள், விலை தலையைச் சுற்றியது. முடி இந்தியாவிலிருந்து வருவதாகக் கடைக்காரி பெருமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆரோ திருப்பதியில நேந்து குடுத்ததை இவையள் எனக்கு விக்கினமோ" என்றார். அந்த ஆறு மாதத்தில் அம்மா சொன்ன ஒரே பகிடி அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் செயற்கை முடி வைத்ததை வாங்கினோம். இரண்டு தரம் போட்டார், வேர்க்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுத் துணி கட்டிக்கொண்டார்.

ஆனால் புருவத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், நான் தவறவிட்டிருப்பேன். இரண்டாவது மருந்து பாதி போனபோது புருவமும் இமைமயிரும் போய்விட்டன. நகங்கள் கறுத்து, அடியில் பிரிந்து வந்தன. எங்கள் தோலில் இந்த மருந்துகள் செய்கிற வேலை வெள்ளைத் தோலில் செய்வது போல இல்லை. உள்ளங்கைக் கோடுகள், விரல் மூட்டுகள், கண்ணைச் சுற்றி, எல்லாம் கறுத்தன. தலைமயிர் போனால் அது மொட்டைத் தலை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் மொட்டை போடாத கோயிலா? புருவமும் இமையும் போனால் முகமே போய்விடுகிறது. கோபப்பட்டால் கோபம் தெரியாது. சிரித்தாலும் ஆச்சரியப்பட்டாலும் ஒரே முகம்.

ஒரு நாள் காலை அம்மா கண்ணாடிக்கு முன்னால் விரல் நுனியில் குங்குமத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு அவசரப்பட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"புருவம் இல்லாட்டி பொட்டு எங்க வைக்கிறது எண்டே தெரியேல்லை."

வைத்தார். கொஞ்சம் மேலே போய்விட்டது. துடைத்தார். இரண்டாம் தரம் ஒரு பக்கமாகப் போனது. பிறகு துணியால் நெற்றியை முழுதும் துடைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். பொட்டில்லாத நெற்றி எங்கள் அம்மாமாருக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா உள் அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருசம் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு அம்மா வரவில்லை. ஐரோப்பாவின் எல்லா மூலையிலிருந்தும் எங்கள் ஆட்கள் வருகிற தேர் அது. நான் பிறந்ததிலிருந்து அம்மா தவறவிட்டதில்லை. சனக்கூட்டம், கிருமி தொற்றும் என்று எல்லாரிடமும் சொன்னார். டொக்டரைக் கேட்டது நான்தான். இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, திறந்த வெளிதானே, ஒரு ஓரமாக நின்று பார்க்கலாம் என்றுதான் அவர் சொன்னார். அதை மொழிபெயர்த்தும் சொன்னேன். அம்மா போகவில்லை.

இனிச் சண்டை.

"உயிர் போற நேரத்தில அழகு ஒரு கேடோ?" இந்த வசனத்தை நான் எத்தனை வாயால் கேட்டுவிட்டேன். மாமாமார், மாமிமார், கோயில் ஐயா, என்னுடைய வயது ஆட்கள்கூட. சொல்கிறவர்கள் ஏதோ பெரிய தத்துவம் சொன்னதாக நினைக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறீர்கள்தானே? பெட்டிக்குள் அந்த மனிசி எப்படி இருக்கிறார்? கூறைச் சேலையோ காஞ்சிபுரமோ உடுத்தி, முகத்துக்கு நிறம் பூசி, உதட்டுக்குச் சாயம் போட்டு, நடு நெற்றியில் அளவாகப் பொட்டு வைத்து, தலைக்குப் பூ வைத்து. இறுதிச் சடங்கு செய்கிற கொம்பனிக்காரரிடம் "அம்மா வடிவா இருக்க வேணும்" என்று பிள்ளைகள் அழுது கேட்பதை நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். மரண அறிவித்தலுக்குப் படம் தேடும்போது பத்து வருசத்துக்கு முந்திய கலியாணவீட்டுப் படத்தை எடுத்து, பின்னால் நிற்கிறவர்களை வெட்டி, முகத்தை வெளிப்பாக்கிப் போடுகிறோம். அப்போது ஒருவரும் அழகு ஒரு கேடோ என்று கேட்பதில்லை. கண் திறந்து பார்க்க முடியாதவருக்கு முழு அலங்காரம். கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டுக்கு இடம் தேடுகிறவருக்கு உபதேசம்.

அதுவும் இது அழகைப் பற்றிய விசயமே இல்லை. அழகு என்ற சொல்தான் குழப்புகிறது. அம்மா அழகாக இருக்க ஆசைப்படவில்லை. அம்மாவாக இருக்க ஆசைப்பட்டார். எங்கள் சமூகத்தில் ஒரு வருத்தத்தை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது எவ்வளவு பெரிய கணக்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, "ஐயோ, என்ன இப்பிடி ஆயிட்டியள்" என்று கையைப் பிடிப்பார். அம்மா இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார், முகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும். இரண்டு கோடு புருவம் கீறத் தெரிந்தால், சொல்வதா விடுவதா என்ற முடிவு திரும்பவும் அவருடைய கைக்கு வருகிறது. உளவியல் ஆதரவு என்றால் வேறு என்ன?

அடுத்தது, கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. மனதுக்கு என்றால் அதற்கு உளவியலாளர்கள் இருக்கிறார்கள், மேக்கப்காரி எதற்கு? சரி. ஜேர்மனியில் சான்றிதழ் பெற்ற மார்பகச் சிகிச்சை மையம் என்றால் புற்றுநோயாளருக்கான உளவியல் உதவி இருந்தே ஆக வேண்டும். எங்களுக்கும் வந்தார். நல்ல மனிசி, மெதுவாகக் கதைத்தார். இரவில் பயம் வருகிறதா, இறப்பைப் பற்றி நினைக்கிறீர்களா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் அம்மாவிடம் கேட்டேன். யோசித்துப் பாருங்கள்: 15 வயது மகள், சாவைப் பற்றி நினைக்கிறீர்களா அம்மா என்று கேட்கிறாள். அம்மா என்னைப் பார்த்தார், அந்த மனிசியைப் பார்த்தார். "இல்லை, நல்லா நித்திரை வருது எண்டு சொல்லு." இரவு மூன்று மணிக்கு அம்மா குசினியில் லைட் போடாமல் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொன்னேன். மனிசி எழுதிக்கொண்டு போனார். அதோடு உளவியல் ஆதரவு முடிந்தது.

பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் பயத்தைச் சொல்ல மாட்டாள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், அது இன்னொரு சண்டை. ஆனால் முகத்தில் கை வைப்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இதை நான் கண்ணால் கண்டேன். 2019-இல், அம்மாவின் கூட்டாளி ஒருவர், நான் மாமி என்று கூப்பிடுகிறவர், அதே வருத்தத்தில் இருந்தபோது இப்படியான வகுப்பு ஒன்றுக்கு அவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சிறிய உள்ளூர்க் குழு நடத்தியது. நீள மேசை, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி, ஒன்பது பெண்கள். மாமியைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்.

நடத்தியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அழகுக்கலைக்காரி. மாமியின் ஜேர்மன் பேக்கரி வேலைக்குப் போதுமானது, அதற்கு மேல் இல்லை. அந்த மனிசி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மாமியின் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கிறீமைத் தன் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நெற்றியில் வைத்தார். மாமி கண்ணை மூடினார். பிறகு ட்ராமில் வரும்போதுதான் சொன்னார்: "ஏழு மாசமா என்னைத் தொட்ட ஆக்கள் எல்லாம் ஊசியோடதான் தொட்டவை."

புருவம் கீறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பென்சிலை மூக்கின் ஓரத்தில் நேராக நிமிர்த்தி வைத்தால் புருவம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியும். மூக்கின் ஓரத்திலிருந்து கண்ணின் வெளி மூலைக்குச் சரித்தால் எங்கே முடிய வேண்டும் என்று தெரியும். கண்மணிக்கு நேரே கொஞ்சம் வெளியே வளைவு. புள்ளி வைத்துவிட்டு, ஒரே கோடாக இழுக்காமல் மயிர் மயிராகச் சின்னச் சின்னதாகக் கீற வேண்டும். மாமிக்கு மூன்றாம் தரம் சரியாக வந்தது. வந்தவுடன் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு மட்டையை எடுத்து ஒன்றை ஒட்டினார். நடுவிலேயே நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் அது என்ன என்று கேட்டார். மாமி விளக்கினார், பேக்கரி ஜேர்மனில். பிறகு இரண்டு பேரும் கறுத்த நகங்களைக் காட்டிக் கதைத்தார்கள். நான் மொழிபெயர்க்க எழும்பினேன், மாமி கையைக் காட்டி இருத்திவிட்டார்.

அந்த ட்ராமில் மாமி இன்னொன்றும் சொன்னார். தன்னுடைய மரண அறிவித்தலுக்கு எந்தப் படம் போடுவார்கள் என்று பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம். மகளின் சாமத்தியவீட்டுப் படத்தை எடுத்து ஒரு கடித உறைக்குள் தனியாக வைத்திருக்கிறாராம். அவருடைய பிள்ளைகளுக்கு இன்றுவரை அது தெரியாது என்று நினைக்கிறேன். இதை எந்த உளவியலாளரும் அவரிடமிருந்து எடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் யாரோ முகத்தைத் தொட்டதால் வெளியில் வந்தது. ஒரு தரம் நடந்ததை வைத்து உலகத்துக்கே விதி எழுதவில்லை. இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்கள் என்னுடைய சொந்த ஆட்கள். பல்கலைக்கழகக் கூட்டாளிகள், பெண்ணியம் படித்தவர்கள். அவர்கள் சொல்வதைச் சும்மா தள்ள முடியாது. இந்த வகுப்புகளின் கதை 1989-இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. கீமோவில் இருந்த ஒரு பெண் தன் அறையை விட்டு வெளியே வர மறுத்ததால் ஒரு டொக்டர் அழகுசாதனத் தொழில் சங்கத்தின் தலைவரிடம் உதவி கேட்டதாகச் சொல்வார்கள். அந்தத் தொழில் சங்கம், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், அழகுக்கலைக்காரர் சங்கம் மூன்றும் சேர்ந்து 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்று ஆரம்பித்தன. கனடாவில் 1992, பிரித்தானியாவில் 1994, ஜேர்மனியில் 1995 முதல் 'டிகேஎம்எஸ் லைஃப்' நடத்துகிறது. பொருட்களைத் தருவது அழகுசாதனக் கொம்பனிகள். அவர்களுக்கு இது விளம்பரமும்தான். பார்பரா எரன்ரைக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, 2001-இல், இந்த இளஞ்சிவப்புக் கலாச்சாரம் முழுவதையும் கிழித்து எழுதினார். புற்றுநோய் வந்தவளுக்கு ரெடி பெயார் பொம்மையும் உதட்டுச் சாயமும் கொடுத்துச் சிரிக்கச் சொல்கிற உலகத்தின் மேல் அவருக்கு வந்த கோபம் எனக்கும் வருகிறது.

ஓட்ரி லோர்ட் இன்னும் முன்னால், 1980-இல் தன் புற்றுநோய் நாட்குறிப்புகளை வெளியிட்டார். கறுப்பினப் பெண், கவிஞர், பிறகு பெர்லினில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். மார்பகம் அகற்றிய பிறகு ஒரு தொண்டர் வந்து பஞ்சு வைத்த ஒரு பொய் மார்பைக் கொடுக்கிறார். அதைப் போடாமல் டொக்டரிடம் போனபோது, மற்ற நோயாளிகளின் மனநிலைக்கு நல்லதல்ல, போட்டுக்கொண்டு வாருங்கள் என்று தாதி சொல்கிறார். லோர்டுக்குக் கோபம் வந்தது. மற்றவர்களின் வசதிக்காக நான் என் உடம்பை மறைக்க வேண்டுமா என்று கேட்டார். நூற்றுக்கு நூறு சரி. எங்களிலும் மொட்டைத் தலையோடு, பூச்சு இல்லாமல், நிமிர்ந்து கலியாணவீட்டுக்கு வந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவரிடம் போய்ப் புருவப் பென்சில் நீட்டுகிறவரை நானே தள்ளிவிடுவேன்.

ஆனால் லோர்ட் கோபப்பட்ட இன்னொரு விசயத்தை என் கூட்டாளிகள் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பொய் மார்பு வெளிறிய இளஞ்சிவப்பு. அவருடைய தோலின் நிறமே இல்லை. அதைச் செய்தவர்களின் மனதில் அவர் இருக்கவே இல்லை. மாமிக்குக் கிடைத்த பையிலும் அதேதான். ஃபவுண்டேஷன் அவருடைய முகத்துக்கு மூன்று படி வெளிறல். அழகுக்கலைக்காரி பூசிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுத் துடைத்தார். என் பைக்குள் ஃபென்டி இருந்தது. 2017-இல் 40 நிறங்களோடு வந்தபோது நாங்கள் எல்லாரும் ஏன் அப்படிக் குதித்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் மாமிக்குப் பூசினோம். ஆகவே என் கூட்டாளிகளே, சண்டை பிடிக்க வேண்டிய இடம் இருக்கிறது. அது அந்த மேசையை மூடுவதற்கான சண்டை அல்ல. அந்த மேசையில் எங்கள் அம்மாமாருக்கும் ஒரு கதிரையும் ஒரு நிறமும் வேண்டும் என்பதற்கான சண்டை. நீங்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு உங்களுக்கு அந்தப் பிரசுரத்தை வாசிக்கவாவது தெரிந்திருந்தது. என் அம்மாவுக்கு மறுக்கிற வாய்ப்பும் கிடைக்கவில்லை. அதை எடுத்தது எந்தக் கொம்பனியும் இல்லை, நான்.

அம்மாமாரைப் பற்றியே கதைக்கிறேன், அப்பாமாரும் இருக்கிறார்கள். 20 வயதிலிருந்து வைத்திருந்த மீசை போன ஒரு மாமா, வீட்டுக்கு யார் வந்தாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைத்தார். அவருக்கு யாரும் எந்தப் பிரசுரமும் கொடுக்கவில்லை. ஆம்பிளைக்கு என்ன அழகு என்று அவரே சொல்வார், பொத்திய கையை எடுக்காமல்.

சரி, என்ன செய்வது? எங்கள் ஒவ்வொரு நகரத்திலும் சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் மேக்கப் போடுகிற அக்காமார் பத்துப் பேராவது இருக்கிறார்கள். இன்ஸ்டகிராமைத் திறந்தால் அவர்கள்தான். எங்கள் தோலின் நிறங்களை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் யாரும் இல்லை. அக்காமாரே, இந்தக் கட்டுரை பாதி உங்களுக்கு. ஒரு மணப்பெண்ணுக்கு நீங்கள் வாங்குகிற காசு எங்களுக்குத் தெரியும், வாங்குங்கள், உழைப்புத்தானே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் தாருங்கள். முதலில் இப்படியான வகுப்பு நடத்துகிற ஒரு அமைப்பிடம் போய்ப் பழகுங்கள், ஏனென்றால் மணப்பெண்ணின் தோல் அல்ல இது. கீமோவில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும்போது நூல் போட்டு மயிர் எடுக்கக் கூடாது, சின்னக் காயமும் பெரிய தொற்றாகலாம். ஒருவருக்குப் பாவித்த மஸ்காராவும் உதட்டுச் சாயமும் இன்னொருவருக்கு வேண்டாம். நகத்தின் அடித்தோலை வெட்ட வேண்டாம், ஒட்டு நகம் வேண்டவே வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, கடலைமா என்று அம்மம்மா வைத்தியம் எதுவும் கதிர்ச் சிகிச்சை எடுத்த இடத்தில் படக் கூடாது. அங்கே என்ன பூசலாம் என்று சிகிச்சை தருகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசை அரித்தால் பென்சிலால் வைக்கலாம். இன்னொன்று, உதவி செய்த பெண்ணின் முன், பின் படங்களை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்தாலும் போடாதீர்கள்.

மொழிபெயர்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் ஒன்று. கதிர்ச் சிகிச்சையின்போது "தோல் சிவந்தால் சொல்லுங்கள்" என்று சொல்வார்கள். அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். எங்கள் தோல் பல நேரம் சிவக்காது, கறுக்கும். கறுத்தாலும், எரிந்தாலும், இறுகினாலும் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள். வகுப்புப் பிரசுரம் தந்தால் அதையும் வாசித்துச் சொல்லுங்கள். தராவிட்டால் தாதியிடம் நீங்களே கேளுங்கள். ஜேர்மனியில் இப்போது இணையம் வழியாகவும் நடக்கிறது, வெளியே போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே சேரலாம். போவதா இல்லையா என்பது அம்மாவின் முடிவு. உங்களுக்குக் கேவலமாகத் தெரிகிறதா என்பதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். புருவம் திரும்ப வந்தது, கொஞ்சம் மெல்லியதாக. மாமியை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று இரவு, ஆறு வருசம் கழித்து, அந்தப் பிரசுரத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"சொல்லியிருந்தா பென்சில் என்ன நிறம் வாங்கிறதெண்டாவது தெரிஞ்சிருக்கும். நான் உன்ர கண்மையை எடுத்தெல்லோ கீறிப் பாத்தனான். தேர் அண்டைக்குக் காலமை. கறுப்பா, பேய் மாதிரி வந்திட்டுது. கழுவ, எல்லா இடமும் இழுபட்டிட்டுது."

எங்கள் நிறத்துக்குக் கடும் கபில நிறம் வாங்க வேண்டும், கறுப்பு அல்ல. அந்தக் கிழமைதான் என் கண்மைப் பென்சிலின் முனை உடைந்திருக்கிறது என்று அம்மாவோடு நான் சண்டை பிடித்தது.